கடல் அறிவியல் படிக்க விரும்புவோருக்கு: பாடத் தேர்விலிருந்து பணி வரை

கடல் அறிவியல் படிக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கல்லூரியில் சேரலாம் என்பதுதான். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடல் அறிவியல் என்பது தனித்த ஒரு பாடமன்று. உயிரியல், இயற்பியல், வேதியியல், நிலவியல் ஆகிய நான்கும் கடலை ஆராயத் தொடங்கும்போது உருவாகும் கிளைகளின் தொகுப்பே அது. மீனின் இனப்பெருக்கப் பருவத்தையோ பவளப்பாறையின் நலத்தையோ ஆராய்பவர் ஒரு கிளையைச் சேர்ந்தவர். நீரோட்டத்தையும் அலையையும் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர் வேறொரு கிளையைச் சேர்ந்தவர். கடல்நீரில் கரைந்துள்ள நைட்ரேட்டையும் உலோகங்களையும் அளப்பவரும், கடலடி வண்டலைத் துளைத்தெடுத்து அதன் அடுக்குகளைப் படிப்பவரும் மற்ற இரண்டு கிளைகளில் இருக்கிறார்கள். நால்வரும் ஒரே ஆய்வுக் கப்பலில் பயணம் செய்யக்கூடும். ஆனால் அவர்கள் இளநிலையில் படித்த பட்டமும், வேலைக்கு விண்ணப்பித்த நிறுவனங்களும், எழுதிய தேர்வுகளும் வெவ்வேறானவை. எனவே நான்கில் எதை அன்றாடம் சலிப்பில்லாமல் செய்ய முடியும் என்று முடிவு செய்வதே முதல் வேலை. கடல் அதன் பிறகு வரட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே விலக்கிவிடுவது நல்லது. 'மரைன்' என்ற சொல் பெயரில் இருப்பதாலேயே ஒரு படிப்பு கடல் அறிவியல் ஆகிவிடாது. மரைன் எஞ்சினியரிங், நாட்டிகல் சயின்ஸ் ஆகியவை வணிகக் கப்பலில் பொறியாளராகவோ மேல்தள அதிகாரியாகவோ பணியாற்றுவதற்கான படிப்புகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் முதன்மையாக அத்துறைக்கு உரியது. அதுவும் மதிப்புள்ள தொழில்தான். ஆனால் ஆமைகளைப் பற்றியோ பருவக்காற்றைப் பற்றியோ படிக்க நினைத்தவர் அங்கே சேர்ந்துவிட்டு வருந்துவதில் பயனில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வழி தீர்மானமாகிவிடுகிறது. உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு கிடைக்குமானால் அதை எடுப்பதே சிறந்தது. தாவரவியல், விலங்கியல் மட்டும் உள்ள பிரிவில் படித்தவருக்கு மீன்வளப் படிப்புக்கும் கடல்வாழ் உயிரியலுக்கும் தடையேதும் இல்லை. ஆனால் இயற்பியல்சார் கடலியலின் கதவு அவருக்கு ஏறத்தாழ மூடிவிடும். கணிதம், கணினி அறிவியல் உள்ள பிரிவில் படித்தவருக்கு நிலைமை இதன் மறுபக்கம். கணிதம் கடினம் என்று அஞ்சி உயிரியலுக்கு வரும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இன்றைய கடல்வாழ் உயிரியலில் புள்ளியியல் இல்லாமல் ஓர் ஆய்வுக் கட்டுரையைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. கணிதத்திடமிருந்து தப்பிக்கும் வழியாக இத்துறையை யாரும் கருத வேண்டாம்.

பள்ளிக் காலத்திலேயே கடற்கரையில் நேரம் செலவிட வாய்ப்புள்ளவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சென்னையில் 1988 முதல் செயல்பட்டுவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவு நடைகளை நடத்துகிறது. விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகச் செல்ல வேண்டியதில்லை. இரவு முழுதும் மணலில் நடந்தும் ஓர் ஆமையைக்கூடக் காணாமல் திரும்பிய பிறகும் மறுவாரம் போகத் தோன்றுகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அது நல்ல வழி. களப்பணியின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும்.

இளநிலைப் பட்டம்: இரண்டு பாதைகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் பக்கம் செல்பவருக்கு இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, பி.எஃப்.எஸ்சி. எனப்படும் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம். தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியும், பொன்னேரி, தலைஞாயிறு ஆகிய இடங்களில் பின்னர் வந்த கல்லூரிகளும், நாகப்பட்டினத்தில் 2012இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்பட்டத்தை வழங்குகின்றன. சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசைப்படி நடைபெறுகிறது. இதற்கு நீட் தேவையில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு இப்படிப்புக்கும் பொருந்தும். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான தனி ஒதுக்கீட்டைப் பற்றிய விவரங்களை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். வலை வடிவமைப்பு, மீன் பதப்படுத்துதல், நன்னீர் வளர்ப்பு, இறால் வளர்ப்பு, மீன் நோயியல், மீனவர் பொருளாதாரம் என்று பாடத்திட்டம் பரந்து விரிந்தது. கடைசி ஆண்டில் பண்ணையிலும் மீனவர் கிராமத்திலும் தங்கிப் பெறும் பயிற்சியும் உண்டு.

இரண்டாவது பாதை, விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற ஒரு பாடத்தில் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்துவிட்டு முதுநிலையில் கடலுக்குத் திரும்புவது. இப்பாதையில் செலவு குறைவு. ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலேயே தொடங்கலாம். இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு பட்டத்தின் பெயரோடு முடிந்துவிடுவதில்லை. எம்.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள முதுநிலைப் பட்டத்தில் சேரப் பொதுவாக பி.எஃப்.எஸ்சி. படித்திருக்க வேண்டும். மீன்வளத் துறையின் அரசுப் பணிகள் பலவற்றிலும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வரும் மீன்வள விஞ்ஞானிப் பணிகளிலும் பி.எஃப்.எஸ்சி. என்ற தொழிற்பட்டம் பெற்றவருக்கே வழி அகலம். மறுபுறம், கடல் சூழலியல், பவளப்பாறை, கடல் உயிர்வேதியியல் போன்ற துறைகளில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவருக்கு அடிப்படை அறிவியலில் ஆழமான பி.எஸ்சி.யே கூடுதல் பலம் தரும். வேலைப் பாதுகாப்பு முதன்மையானால் பி.எஃப்.எஸ்சி. என்றும், ஆராய்ச்சியே நோக்கமானால் பி.எஸ்சி. என்றும் சொல்வேன், இரண்டுக்கும் விதிவிலக்கானவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இளநிலையிலேயே 'கடல்வாழ் உயிரியல்' என்ற பெயரில் பட்டம் தரும் சில கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றில் சேரும் முன் கேட்க வேண்டியவை: கல்லூரிக்குச் சொந்தமாகக் கடல்நீர் வரும் ஆய்வகம் உண்டா, களப்பயணம் பருவத்துக்கு எத்தனை முறை, அங்கே படித்தவர்கள் எந்த முதுநிலைப் படிப்புகளில் இடம் பெற்றிருக்கிறார்கள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் சேர்வதைவிட நல்ல விலங்கியல் துறை ஒன்றில் சேர்வது மேல்.

இயற்பியல் பக்கம் செல்பவர் இயற்பியல் அல்லது கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து முதுநிலையில் கடலியலுக்கு வரலாம். பொறியியல் நாட்டமுள்ளவர் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறை நடத்தும் கப்பல் வடிவமைப்பு, கடற்பொறியியல் பி.டெக். படிப்பை எண்ணிப் பார்க்கலாம். அதற்கான நுழைவாயில் ஜே.இ.இ. தேர்வு.

முதுநிலை: இடமும் ஒரு பாடம்

தமிழ்நாட்டில் கடல்வாழ் உயிரியல் என்றதும் நினைவுக்கு வருவது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அங்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ளது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியில் தொடங்கிய அந்த நிலையம், இந்தியாவின் பல கடல் ஆய்வு நிறுவனங்களுக்கு ஆட்களை உருவாக்கித் தந்திருக்கிறது. அதன் உண்மையான பலம் அதன் இருப்பிடம். ஆற்று முகத்துவாரம், சதுப்புநிலக் காடு, சேற்றுப்படுகை, திறந்த கடல் ஆகிய நான்கு வாழிடங்களும் அங்கே அருகருகே உள்ளன. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளுக்குக் காலையில் போய் மாலையில் மாதிரிகளுடன் ஆய்வகம் திரும்பிவிடலாம். ஏற்றவற்றத்தோடு உப்புத்தன்மை எப்படி மாறுகிறது என்பதை நூலில் படிப்பதற்கும், ஒரே இடத்தில் நின்று ஆறு மணி நேர இடைவெளியில் தானே அளந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே படித்தவர்கள் அறிவார்கள்.

இதே அளவுகோலை மற்ற இடங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை காரைக்குடியில் இல்லாமல் தொண்டியில், பாக் விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. கடற்புல், கடற்பசு ஆகியவற்றில் ஆர்வமுள்ளவருக்கு இது பொருத்தமான கடல். கடற்பசுவுக்கென நாட்டின் முதல் பாதுகாப்பகமாக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் அறிவிக்கப்பட்டதும் இதே பாக் விரிகுடாவில்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் கன்னியாகுமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில் உள்ளது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை திருச்சியில், கடலிலிருந்து தொலைவில் இருக்கிறது. ஆய்வகப் பணிக்கு அது குறையாகாது, ஆனால் களப்பணிக்குக் கூடுதலாகத் திட்டமிட வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் கடல்வாழ் உயிரியல் எம்.எஸ்சி. படிப்பை அந்தமானில் நடத்துகிறது. பவளப்பாறையை நீருக்குள் இறங்கிப் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை இந்தியாவில் கிடைப்பது அரிது. சேர்க்கைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான முதுநிலை நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். வீட்டைவிட்டு இரண்டாண்டுகள் தீவில் இருக்க மனமுள்ளவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

மாநிலத்துக்கு வெளியே, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயர் தனித்துச் சொல்லத் தக்கது. அங்கே கடல்வாழ் உயிரியல், கடலியல், கடல் நிலவியல், வானிலையியல் ஆகியவை தனித்தனித் துறைகளாக ஒரே வளாகத்தில் செயல்படுகின்றன. அப்பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. கொச்சியில் படிப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன், மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், கடல்வாழ் வளங்கள், சூழலியல் மையம் ஆகிய மூன்றின் தலைமையகங்களும் அதே நகரில் இருப்பது. கோவாப் பல்கலைக்கழகத்துக்கும் இதே பயன் உண்டு. 1966இல் நிறுவப்பட்டு இன்று டோனா பாலாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனமும், அண்டார்க்டிகா பயணங்களை நடத்தும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் அங்கேதான் உள்ளன. கப்பல் பயணமும் துருவப் பயணமும் ஆண்களுக்கே என்று வீட்டில் சொல்லப்படும் மாணவிகளுக்கு ஒரு தகவல்: கடலியலாளர் அதிதி பந்த் 1983இல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்க்டிகா பயணத்திலேயே இடம்பெற்றார்.

இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் கடற்றொழில் துறையும், மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடமும் உள்ளன. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே மீன் கூட்டங்களையே ஆராய்கிறோம் என்பதால், இரு பக்கத்து ஆய்வுகளையும் மாணவர்கள் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது. ஐரோப்பாவில் முதுநிலை படிக்க விரும்புவோர், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் கடல்வாழ் வள முதுநிலைப் படிப்பைப் பார்க்கலாம். பல நாடுகளில் பருவம் பருவமாகப் படிக்கும் அமைப்பு அது, உதவித்தொகையும் உண்டு. உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி வெளிநாட்டில் கடல்வாழ் உயிரியல் முதுநிலை படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்துறையின் தொடக்கநிலைச் சம்பளம் அத்தகைய கடனைத் தாங்காது.

பாடத்திட்டத்துக்கு வெளியே கற்க வேண்டியவை

முதலில் நீச்சல். கடல் அறிவியல் முதுநிலை முடித்தும் நீந்தத் தெரியாதவர்கள் நம்மிடையே குறைவல்லர். படகில் மாதிரி எடுக்கும் வேலைக்கு அது பெரிய குறை. பவளப்பாறை, கடற்புல் ஆய்வுக்குப் போவதானால் மூச்சுக் கருவியுடன் நீருக்குள் மூழ்குவதற்கான ஸ்கூபா சான்றிதழும் தேவைப்படும். புதுச்சேரியிலும் அந்தமானிலும் தொடக்கநிலைப் பயிற்சி கிடைக்கிறது. செலவு சற்று அதிகம் என்பதால், துறை முடிவான பிறகு அதை எடுத்தால் போதும். கடல் மயக்கம் வருகிறதா என்பதையும் ஒரு முறை விசைப்படகில் முழுநாள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மயக்கம் வருவதாலேயே துறையை விட வேண்டியதில்லை. பலருக்கும் வரும், பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் பழகிவிடும்.

அடுத்தது, தரவுகளைக் கையாளும் திறன். 'ஆர்' அல்லது 'பைத்தான்' ஆகிய இரண்டில் ஒரு கணினி மொழி, வரைபடங்களுக்குக் 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருள் ஆகியவற்றை இளநிலை இரண்டாம் ஆண்டிலிருந்தே பழகலாம். இவை ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அன்றாடம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. செயற்கைக்கோள் அளக்கும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும், நுண்தாவரங்களின் பச்சையத்தால் நீரின் நிறத்தில் ஏற்படும் மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து, குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் விளிம்புகளைக் கண்டறிவதே அதன் அடிப்படை. அத்தகைய விளிம்பில் இரை சேரும், இரை சேருமிடத்தில் மீன் கூடும். இந்த வேலையைச் செய்ய மீனைத் தெரிந்தவர், இயற்பியலைத் தெரிந்தவர், நிரல் எழுதத் தெரிந்தவர் மூவரும் வேண்டும். மூன்றில் இரண்டையாவது அறிந்த ஒருவர் வேலையின்றி இருப்பதை நான் கண்டதில்லை. அதே மையம் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளையும் நடத்துகிறது. அவற்றுக்கு விண்ணப்பிக்க மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இனங்காணும் திறன். கணினியைப் போல இது கவர்ச்சியானதன்று. ஆயினும் இன்று மிகவும் அருகிவருவது இதுதான். கடலடிச் சேற்றில் வாழும் பல்முட்புழுக்களையோ (பாலிகீட்டுகள்), மிதவை விலங்குகளையோ, கடற்பாசிகளையோ நுண்ணோக்கியின் கீழ் பார்த்து இனம் சொல்லக்கூடியவர்கள் நாட்டில் மிகக் குறைவு. துறைமுகம், அனல்மின் நிலையம், நெம்மேலியில் உள்ளது போன்ற கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என எதுவானாலும், அதன் கழிவுநீர் கடலுக்குள் செல்லுமிடத்தில் உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று கண்காணிக்க, அந்த உயிரினங்களைப் பெயர் சொல்லத் தெரிந்தவர் தேவை. முதுநிலையில் ஏதேனும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அதில் ஊறிப்போவது, பத்துக் குழுக்களை மேலோட்டமாக அறிவதைவிட மிகுந்த பயன் தரும். திமிங்கிலமும் டால்பினும் எல்லோருக்கும் பிடிக்கும். புழுக்களைப் பிடித்தவருக்குத்தான் அழைப்பு வரும்.

நான்காவது, மீனவர்களிடம் கேட்டுக் கற்பது. இறங்குதளத்தில் விடியற்காலையில் நின்று, எந்த மீன் எந்த வலையில் எந்த ஆழத்தில் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவர் நூலில் இல்லாத பலவற்றை அறிவார். வாடைக்காற்றும் கச்சானும் நீரோட்டத்தை எப்படித் திருப்புகின்றன, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்தப் பருவத்தில் மீன் அடையும் என்பவை தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்ட தரவுகள். ஒரே மீனுக்கு ஊர்தோறும் பெயர் மாறும் என்பதால், சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன் என்பதுபோல உள்ளூர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஏலம் நடக்கும் நேரத்தில் குறுக்கே நின்று கேள்வி கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு கேட்டால் தேநீரும் கிடைக்கும், விடையும் கிடைக்கும்.

ஆய்வேட்டைத் திட்டமிடுதல்

முதுநிலையின் கடைசிப் பருவத்து ஆய்வேடுதான் வேலைக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் காட்டத்தக்க முதல் சான்று. பலர் அதைத் தலைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நாட்காட்டியிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இழுவலையில் சிக்கும் மீன்களைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர் ஜனவரியில் தொடங்காவிட்டால் அவருக்கு மாதிரியே மிஞ்சாது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது. இரண்டு கரைகளையும் ஒப்பிட நினைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் கலங்கிக் கிடக்கும், நீருக்குள் பார்வை இருக்காது. பவளங்கள் வெளிறும் நிகழ்வைப் பதிவு செய்ய விரும்புவோருக்கு உரிய காலம், கடல்நீர் சூடேறும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை; மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பவளங்கள் வெளிறின.

அனுமதியை நாட்காட்டிக்கு அடுத்தபடியாகவே கவனிக்க வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆய்வு செய்ய இயலாது. அனுமதி வரப் பல மாதங்கள் ஆகலாம். கடல் அட்டை, கடற்குதிரை, பவளம் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் இறந்து ஒதுங்கியதைக்கூட எடுத்து ஆய்வகத்தில் வைத்துக்கொள்வது குற்றமாகும் என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு யாரேனும் சொல்லிவிடுவது நல்லது. அனுமதிக்குக் காலமில்லாதவர்கள், பூங்காவுக்கு வெளியே உள்ள முகத்துவாரத்தையோ இறங்குதளத்தையோ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவையோ கொண்டு தரமான ஆய்வேட்டை எழுத முடியும்.

கோடை விடுமுறையில் ஆய்வு நிறுவனங்களில் பயிற்சி பெற விரும்புவோர் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத வேண்டும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் உள்ளன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளப்பாறை மீட்பில் நீண்ட அனுபவம் உடையது. இந்திய அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கும் விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் அந்த விஞ்ஞானியின் ஆய்வுக் கட்டுரை ஒன்றையேனும் படித்திருப்பது தெரிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புபவருக்கு விடை வருவதில்லை.

எங்கே வேலை, எப்படிப்பட்ட வேலை

ஆராய்ச்சிப் பணிக்கு முனைவர் பட்டம் ஏறத்தாழக் கட்டாயம். அதற்கான வாயில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு. உயிரியல் பக்கத்தினர் 'உயிர் அறிவியல்' தாளையும், மற்றவர்கள் 'புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள் அறிவியல்' தாளையும் எழுதுகிறார்கள். இத்தேர்வின் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு நல்கை (ஜே.ஆர்.எஃப். எனப்படும் உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப் படி தனி. நல்கை பெற்றவர் தாம் விரும்பும் நெறியாளரைத் தேடிச் செல்ல முடியும் என்பதே அதன் பெரிய பயன்.

சென்னைப் பள்ளிக்கரணையில் 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், அதே பகுதியில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அருகில் இருக்கும் பெரிய வாய்ப்புகள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி உருவாவது முதலாவதில்தான். 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் பகுதி அது. இங்கே இயந்திரவியல், மின்னணுவியல் பொறியாளர்களுக்கே இடம் மிகுதி என்பதையும், உயிரியலாளருக்கு வரும் வாய்ப்புகள் குறைவு என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எண்ணிக்கையில் மிகுதியான வேலைகள் வளர்ப்புத் தொழிலில் உள்ளன. வன்னாமை இறால் 2009இல் இந்தியாவில் வணிக வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட பிறகு இத்தொழிலின் முகமே மாறிவிட்டது. மரக்காணத்தைச் சுற்றியுள்ள குஞ்சு பொரிப்பகங்கள், நாகை, தஞ்சை மாவட்டங்களின் பண்ணைகள், தீவன நிறுவனங்கள், ஏற்றுமதி ஆலைகளின் தர ஆய்வகங்கள் எல்லாம் கடல்வாழ் உயிரியலும் மீன்வளமும் படித்தவர்களை எடுத்துக்கொள்கின்றன. குஞ்சு பொரிப்பகத்தில் வேலை இரவு பகல் பாராதது. இளம்புழுக்களுக்கு நேரந்தவறாமல் பாசி ஊட்ட வேண்டும், நீரின் உப்புத்தன்மையும் வெப்பமும் சற்றுப் பிசகினாலும் தொட்டி முழுதும் ஒரே இரவில் போய்விடும். ஆனால் அங்கே இரண்டாண்டுகள் நின்றவர் தம் சொந்தக் காலில் தொழில் தொடங்கும் அளவுக்குக் கற்றுவிடுகிறார். 'இது ஆராய்ச்சியில்லையே' என்று தாழ்வாக எண்ணி இவ்வேலையைத் தவிர்ப்பவர்கள் இழப்பது அதிகம். மண்டபத்தில் 2010இல் கடல் விரால் (கோபியா) மீனைக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தபோது தேவைப்பட்டதும் இதே கைத்திறன்தான்.

அரசுப் பணிகளில், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மீன்வள ஆய்வாளர், உதவி இயக்குநர் போன்ற பதவிகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது; தகுதிப் பட்டங்களின் பட்டியலை ஒவ்வோர் அறிவிப்பிலும் வரி விடாமல் படிக்க வேண்டும். சென்னையிலுள்ள கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையம், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், இந்திய மீன்வள அளவை நிறுவனம் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. தனியார் துறையில், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி துறைமுகம் முதலிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படுவதால், அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்களுக்குச் சூழலியல் வல்லுநர்கள் வேண்டும். இவ்வேலையில் சம்பளம் பரவாயில்லை. அறிக்கை எப்படி முடிய வேண்டும் என்று பணம் தருபவர் எதிர்பார்க்கும் சூழலும் வரும், அளந்த எண்ணை மாற்றாமல் எழுதும் உறுதி அப்போது தேவைப்படும். தொண்டு நிறுவனங்களில், பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகளை மீட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அறிவியலோடு ஊர்மக்களுடன் பழகும் திறனையும் எதிர்பார்க்கின்றன.

கடைசியாக ஒன்று. மத்திய ஆய்வு நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோர் 'திட்ட உதவியாளர்', 'திட்ட விஞ்ஞானி' என்ற ஒப்பந்தப் பணிகளில்தான் நுழைகிறார்கள். திட்டம் முடிந்தால் பணியும் முடியும். அதில் சேரும்போதே, அங்கே திரட்டும் தரவைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா, கட்டுரைகளில் தம் பெயர் இடம்பெறுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கப்பல் பயண நாட்கள், கையாண்ட கருவிகள், இனங்கண்ட உயிரினக் குழுக்கள் ஆகியவற்றை அனுபவச் சான்றிதழில் தனித்தனியே குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்; அடுத்த நேர்காணலில் குழுவினர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். பட்டம் பெற்று ஐந்தாண்டுகளுக்குள் நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வளர்ப்புத் தொழிலோ தரவுப் பகுப்பாய்வோ ஆசிரியப் பணியோ ஏதேனும் ஒரு மாற்று வழியை முதுநிலை முதலாண்டிலேயே மனத்தில் வைத்து, அதற்கான ஒரு திறனையாவது இடையிடையே வளர்த்துக்கொண்டு வரலாம்.